ப்ளோக்கு: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அல்பேனியாவின் தலைநகர் டிரானாவில் காபிக் கடைகளும் மதுக்கூடங்களும் துணிக்கடைகளும் நிறைந்த பகுதிக்குப் பெயர் ப்ளோக்கு. 'ப்ளோக்' என்பதுதான் வேர்ச்சொல். கடைசியில் வரும் 'உ', நாம் பேச்சில் 'பேங்கு' என்பதுபோல ஓசைக்காகச் சேர்ந்ததல்ல. அல்பேனிய மொழியில் அது 'அந்த' என்று சுட்டும் விகுதி. ஆக, 'அந்த ப்ளோக்'. எந்த ப்ளோக் என்று ஊரில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கம்யூனிச ஆட்சிக் காலத்தில் ஆளும் தொழிலாளர் கட்சியின் உச்சத் தலைவர்கள் குடும்பத்தோடு குடியிருந்த இடம் அது. 1985இல் இறக்கும்வரை நாட்டை ஆண்ட என்வர் ஹோஜாவின் வீடும் அங்கேதான். சுற்றிலும் ஆயுதக் காவல். நகரின் நடுவிலேயே இருந்தும், சாதாரண மக்கள் உள்ளே காலடி வைக்க முடியாது. 1991இல்தான் திறந்துவிட்டார்கள்.

இந்தச் சொல்லின் மூலம் பழைய டச்சு மொழி. அங்கே அதற்கு மரக்கட்டை என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம் 'ஏ பிளாக், பி பிளாக்' எல்லாம் இதே குடும்பம்தான். அல்பேனியத்தில் குறிப்பேட்டுக்கும் 'ப்ளோக்' என்பார்கள். சோதனைச் சாவடிக்குப் பெயர் 'போஸ்ட்ப்ளோக்'. 2013இல் இந்தப் பகுதியின் ஓரத்தில் வைத்த நினைவுச் சின்னத்துக்கும் அதே பெயர். ஒரு பதுங்கு குழி, பெர்லின் சுவரின் ஒரு துண்டு, ஸ்பாச் சிறைமுகாமின் சுரங்கத்தைத் தாங்கி நின்ற கான்கிரீட் தூண்கள் ஆகியவை அதில் உள்ளன. பெயரையும் பொருள்களையும் சேர்த்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

சரி, தமிழில்? 'தொகுதி' என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும். 'குடியிருப்பு' என்பதில் காவலும் தடையும் இல்லை. என் தேர்வு 'வளாகம்'. வளைத்த இடம் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புறநானூற்றின் 189ஆம் பாட்டு 'தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி' என்று தொடங்குகிறது. கடல் சூழ்ந்த உலகத்தைப் பிறருக்குப் பொதுவில்லாமல் தனக்கே உரியதாக ஆளும் அரசனைப் பற்றிய வரி. டிரானாவின் பழைய ப்ளோக்குக்கு 'பொதுமை இன்றி' எவ்வளவு கச்சிதம்! கடைகளால் நிறைந்துவிட்ட இன்றைய ப்ளோக்குக்கும் இது பொருந்தும். வணிக வளாகம் என்றுதானே சொல்கிறோம்.

ஹோஜாவின் வீடு 2025 முதல் கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் இல்லமாக இருக்கிறது.