டிராபேக்: கட்டிய தீர்வை திரும்பி வரும் வழி

திருப்பூரில் எந்த ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலும் புழங்கும் ஆங்கிலச் சொல் டிராபேக். "டிராபேக் ஏறிடுச்சா?" என்பார்கள். கணக்கு ஏட்டில் அது டி.பி.கே. என்று சுருங்கிக் கிடக்கும். தூத்துக்குடியில் சரக்கை அனுப்பிவைக்கும் கிளியரிங் ஏஜெண்டும் இதையேதான் சொல்வார். இத்தனை புழக்கம் இருந்தும் தமிழில் எழுதும்போது சொல் தடுமாறுகிறது. பொதுவான அகராதியைப் பார்த்துப் பெயர்ப்பவர் 'குறைபாடு' என்று எழுதிவிடுகிறார். 'சுங்கக் குறைபாடு' என்று படித்தால் சுங்கத் துறையில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். இன்னொரு பக்கம் 'ஏற்றுமதி ஊக்கத்தொகை', 'மானியம்' என்று எழுதுகிறார்கள். முதலாவது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. இரண்டாவது பொருளையே புரட்டிப்போடுகிறது.

ஒரு பனியன் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பஞ்சு உள்நாட்டினுடையதாக இருக்கலாம். ஜிப், எலாஸ்டிக், சாயம், சாயத்துக்கான ரசாயனம் போன்றவற்றில் சில வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும். வரும்போதே அவற்றுக்குச் சுங்கத் தீர்வை கட்டியாகிவிட்டது. சுங்கத் தீர்வை என்பது இங்கே நுகரப்படும் வெளிநாட்டுப் பொருளின் மீது விழும் வரி. ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளப்போகிறவரோ ஜெர்மனியில் இருக்கிறார். அவருக்கான விலையில் இந்திய அரசின் வரியும் ஒளிந்திருந்தால், அந்த வரி இல்லாமல் தைக்கும் வேறொரு நாட்டுக்காரரிடம் ஆர்டர் போய்விடும். அதனால் சரக்கு கடல் தாண்டியதும், அதற்குள் இருக்கும் தீர்வையை அரசு திருப்பித் தருகிறது. இதுதான் டிராபேக். அரசு தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உதவி என்று இதைச் சொல்ல முடியாது. முன்பு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லில் இருப்பவை 'இழு', 'பின்னால்' என்ற இரண்டு எளிய சொற்கள். கட்டிய பணத்தை வணிகர் பின்னோக்கி இழுத்துக்கொள்கிறார் என்பது கருத்து. இங்கிலாந்தில் 1660இல் வந்த சுங்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்து மறுபடி வெளியே அனுப்பினால், கட்டிய தீர்வையில் பாதி திரும்பக் கிடைத்தது. சர்க்கரைக்கும் புகையிலைக்கும் பிற்பாடு ஏறக்குறைய முழுவதும் திரும்பியது. அன்றைய சட்டப்படி அமெரிக்கக் காலனிகளின் புகையிலை முதலில் பிரிட்டனுக்குத்தான் வந்தாக வேண்டும். 1776இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதும்போது ஒரு கணக்குச் சொல்கிறார்: வந்து இறங்கும் புகையிலை சுமார் 96,000 பெரும்பீப்பாய், உள்நாட்டில் செலவாவது 14,000க்கு மேல் இராது. மிச்சம் முழுக்க வேறு நாடுகளுக்குப் போக வேண்டும். தீர்வை திரும்பாவிட்டால் அந்த வணிகம் நடக்குமா?

ஏற்றுமதிக்கு அரசு தரும் ஊக்கங்களிலேயே டிராபேக்தான் மிக நியாயமானதாகத் தெரிகிறது என்பது ஸ்மித்தின் தீர்ப்பு. மானியம் பணத்தை ஒரு தொழிலை நோக்கித் தள்ளிவிடும். டிராபேக் அப்படி எதையும் தள்ளாது. வரி போட்டதால் ஒரு தொழிலிலிருந்து பணம் விலகி ஓடுவதை மட்டும் தடுக்கும். இரண்டரை நூற்றாண்டு கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் பிரித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆங்கிலச் சொல்லுக்குக் 'குறை' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் தலையெடுத்தது. பின்னுக்கு இழுப்பது எதுவோ அது தடை, குறை என்று ஆயிற்று. இன்று பொதுமக்கள் பேச்சில் அந்தப் பொருள்தான் நிற்கிறது. பழைய வணிகப் பொருள் துறைமுகத்தோடு ஒதுங்கிவிட்டது. அமெரிக்கா 1789இல் இயற்றிய முதல் சுங்கச் சட்டத்திலேயே டிராபேக் இடம்பெற்றது. இன்றும் அங்கே 99 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது.

இந்தியாவுக்கு இது ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏற்பாடு. 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்தில், வந்த சரக்கு மறுபடி வெளியே போனால் தீர்வையில் எட்டில் ஏழு பங்கு திரும்பும் என்று இருந்தது. இப்போது நடப்பில் இருக்கும் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. 74ஆம் பிரிவு, இறக்குமதியான பொருள் வந்தபடியே திரும்பிப் போவதற்கு. இரண்டு ஆண்டுக்குள் அனுப்பினால் 98 சதவீதம் வரை கிடைக்கும். 75ஆம் பிரிவு, இறக்குமதி மூலப்பொருளை வைத்து இங்கே செய்த பொருள் வெளியே போவதற்கு. திருப்பூரின் டிராபேக் இந்த இரண்டாவது வகை.

இதில் ஒரு சிக்கல். ஒரு டி-சர்ட்டுக்குள் எத்தனை ரூபாய்த் தீர்வை ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் பில்லோடு வந்து நிரூபிக்கத் தொடங்கினால் சுங்க அலுவலகம் வேறு வேலை பார்க்க முடியாது. அதனால் பொருள்வாரியாகச் சராசரி பார்த்து, எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், இத்தனை சதவீதம் என்று மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிடுகிறது. பல பொருள்களுக்கு உச்சவரம்பும் உண்டு. இதற்கு 'ஆல் இண்டஸ்ட்ரி ரேட்' என்று பெயர். தீர்வை கட்டிய ரசீது கேட்க மாட்டார்கள். ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் மின்னணு ஷிப்பிங் பில்லே கோரிக்கை மனுவாகிவிடும். சராசரி என்பதால் சிலருக்குக் கட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட வரும், சிலருக்குக் குறையும். தான் கட்டியதில் ஐந்தில் நான்கு பங்குகூடத் தேறவில்லை என்றால் 'பிராண்ட் ரேட்' கேட்டுத் தனியாக மனுப் போடலாம். அதற்கு ரசீதுகள் வேண்டும்.

டிராபேக்கின் உண்மையான பொருள் பலருக்கும் உறைத்தது 2017இல்தான். ஜி.எஸ்.டி.க்கு முன் இந்த வீதத்தில் சுங்கத் தீர்வையோடு மத்திய கலால் தீர்வையும் சேவை வரியும் சேர்ந்திருந்தன. பருத்தி ஆடைக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. அவை ஜி.எஸ்.டி.க்குள் போனதும், அந்த வரியைத் திரும்பப் பெற ரீஃபண்ட் என்ற வேறு வழி வந்தது. டிராபேக்கில் மிஞ்சியது முக்கியமாகச் சுங்கம் மட்டும். 2017 அக்டோபர் 1 முதல் வீதம் 2 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. சலுகையைப் பறித்துவிட்டார்கள் என்று குரல் எழுந்தது. கொள்கைப்படி பார்த்தால், கட்டாத வரியை எப்படித் திருப்பித் தருவது என்ற அரசின் கேள்வி சரிதான். ஆனால் பழைய வீதத்தை நம்பி வெளிநாட்டுக்காரரிடம் விலை பேசி முடித்திருந்தவரின் கவலையும் பொய்யல்ல. டிராபேக் எவ்வளவு என்பது வாங்குபவருக்கும் தெரியும். பேரத்தில் அதையும் சேர்த்துத்தான் விலையைக் குறைப்பார். திரும்பி வரும் பணத்தின் ஒரு பங்கு அப்படியே கடல் கடந்து போய்விடுகிறது.

மானியம் என்று எழுதாதே என்று நான் அழுத்திச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைப்படி, கட்டிய தீர்வைக்கு மிகாமல் திருப்பித் தருவது மானியம் ஆகாது. மிஞ்சிக் கொடுத்தால் அந்த மிச்சம் மானியம். அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019இல் அந்த அமைப்பின் நடுவர் குழு இந்தியாவின் சில ஏற்றுமதித் திட்டங்களை மானியம் என்று தீர்ப்பளித்தது, எம்.இ.ஐ.எஸ். அவற்றில் ஒன்று. 2021 ஜனவரி முதல் அந்த இடத்துக்கு ரோட்டெப் என்ற திட்டம் வந்தது. ஆடைகளுக்கு 2019இல் ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். என்ற திட்டம் வந்தது. டீசல் மீதான வாட், மின்சார வரி போல வேறு எந்த வழியிலும் திரும்பாத வரிகளைத் திருப்பித் தருபவை இவை. கருத்தில் டிராபேக்கின் உறவுதான் என்றாலும் கையில் வருவது பணமல்ல, சுங்கம் கட்டப் பயன்படும் மின்னணு ஸ்கிரிப். வேண்டாதவர் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து இன்னொருவருக்கு விற்றுவிடுவார். இவற்றையும் டிராபேக் என்று எழுதிவிடக் கூடாது.

நிபந்தனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொகை 50 ரூபாய்க்குக் குறைந்தால் கிடையாது. சரக்கின் சந்தை விலையைவிட டிராபேக் அதிகமாக இருந்தாலும் கிடையாது. மலிவுச் சரக்குக்கு விலையை ஏற்றிக் காட்டிப் பணம் பார்ப்பவர்களை மறிக்கத்தான் இப்படி ஒரு விதி. கப்பலில் ஏற்றியதாகக் காட்டிவிட்டுக் கள்ளத்தனமாகக் கரையில் இறக்கிய மோசடியை ஸ்மித்தே எழுதியிருக்கிறார், அதனால் இது புதிய தந்திரம் அல்ல. ரிசர்வ் வங்கி வைத்த கெடுவுக்குள் வெளிநாட்டுப் பணம் வந்து சேராவிட்டால் வாங்கிய டிராபேக்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். அரசு ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் அரசுதான் வட்டி தர வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? துறைமுக வரிக்குத் தமிழில் பழைய சொல் உல்கு. 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று 756ஆம் குறளில் வருகிறது. உல்கு, சுங்கம் இரண்டும் 'சுல்க' என்ற வடசொல்லின் கிளைகள் என்பாரும் உண்டு. இந்திக்காரர்கள் டிராபேக்கை 'சுல்க் வாபசி' என்கிறார்கள். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் இருப்பதால் 'சுங்கத் தவிர்ப்பு' எனலாமே என்று ஆசை வரலாம். பொருந்தாது. தவிர்ப்பது என்றால் வாங்காமலே விடுவது, இங்கே வாங்கிவிட்டுத் திருப்புகிறார்கள். 'உல்கு' அழகாக இருக்கிறது, ஆனால் ஷிப்பிங் பில் நிரப்புகிற ஒருவருக்கும் விளங்காது.

'மீள்தீர்வை' என்று போட்டால் மறுபடி ஒரு வரியா என்று ஏற்றுமதியாளர் பதறிப்போவார். 'தீர்வை மீட்பு' பரவாயில்லை, என்றாலும் செய்தித்தாள் படிப்பவருக்கு மீட்பு என்றாலே தீயணைப்பு வண்டி. இலங்கையில் வரி ரீஃபண்டுக்கு 'மீளளிப்பு' என்ற சொல் அரசு வழக்கிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு 'தீர்வை மீளளிப்பு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அரசு கொடுக்கும் பக்கம் அது. ஆங்கிலச் சொல்லில் இருக்கும் வணிகரின் கை தெரிய வேண்டிய இடத்தில், அதாவது கோரிக்கை, விண்ணப்பம் பற்றி எழுதும்போது, 'தீர்வை மீளப்பெறல்' என்று மாற்றிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. ரீஃபண்டோடு குழம்பாமல் இருக்க முன்னால் 'தீர்வை' கட்டாயம் வேண்டும். அங்கே 'வரி' என்று போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆல் இண்டஸ்ட்ரி ரேட்டைப் 'பொது வீதம்' என்றும் பிராண்ட் ரேட்டைத் 'தனி வீதம்' என்றும் எழுதினால் போதும். பிராண்ட் என்பதற்கு 'வணிகப்பெயர் வீதம்' என்று சொல்லுக்குச் சொல் போட வேண்டாம், அந்த வீதத்துக்கும் வணிகப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.