வெள்ளைக் கட்டை விழுந்தால் நடுவர்

உத்திரமேரூர்க் குடவோலை போல வேறு நாட்டில் ஏதாவது உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஏதென்ஸில், கல்லில் செதுக்கிய ஒரு குலுக்கல் எந்திரத்தோடு!

பின்னணி தெரிந்ததுதான். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் குடிமக்களைப் பத்துப் பிரிவுகளாக்கினார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம். காலப்போக்கில் இதற்கும் பெரும்பாலான பதவிகளுக்கும் குலுக்கல்தான். படைத்தலைவர் போன்ற சில பதவிகளுக்கே தேர்தல். குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் எழுதியதைப் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் பணமும் குடும்பப் பெயரும் உள்ளவர்களுக்குத்தானே தேர்தலில் கை ஓங்குகிறது?

நீதிமன்றத்தில் சிக்கல் இன்னும் பெரிது. ஆண்டுக்கு 6,000 நடுவர்கள், அதாவது தீர்ப்புச் சொல்லும் சாதாரணக் குடிமக்கள். ஒரு வழக்குக்கு 201 பேர், 501 பேர் என்று உட்காருவார்கள். அத்தனை பேரையும் விலைக்கு வாங்கலாம் என்று முதலில் காட்டியவர் அனிட்டஸ் என்கிறார்கள், பிற்பாடு சாக்ரட்டீஸ் மீது வழக்குப் போட்ட அதே ஆள். சரி, யார் உட்காரப்போகிறார் என்பது வழக்கு நடக்கும் காலை வரை யாருக்குமே தெரியாவிட்டால்?

இங்கேதான் அந்தக் குலுக்கல் எந்திரம், கிளெரோடெரியான், வருகிறது. நிமிர்ந்த கற்பலகை, அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள். நடுவராக விரும்புகிறவரிடம் பெயர், தந்தை பெயர், ஊர், ஓர் எழுத்து பொறித்த வில்லை இருக்கும். அவரவர் எழுத்துக்குரிய பெட்டியில் அதைப் போட வேண்டும். பெட்டியைக் குலுக்கி முதலில் எடுக்கும் வில்லைக்கு உரியவர்தான் மற்ற வில்லைகளைப் பலகையில் செருகுவார். ஒரே ஆள் தினமும் செருகினால் கைவரிசை காட்டிவிடுவாராம்! இந்த ஒரு சந்தேகத்துக்காகவே ஏதென்ஸ்காரர்களை எனக்குப் பிடிக்கும்.

எழுத்துக்கு ஒரு பத்தியாக, பலகையில் ஐந்து பத்திகள். பக்கத்தில் ஒரு குழாய். அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பகடை போன்ற சின்னக் கட்டைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கீழே விடுவார்கள். முதல் கட்டை வெள்ளையா? முதல் கிடைவரிசையில் உள்ள ஐந்து பேரும் நடுவர்கள். கறுப்பா? ஐந்து பேரும் வீட்டுக்குப் போகலாம். 40 வரிசைகள் நிறைந்திருக்கின்றன, 50 பேர் வேண்டும் என்றால் வெள்ளை 10, கறுப்பு 30. எல்லாருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. குழாய்க்குள் கட்டைகள் எந்த வரிசையில் விழுந்து நிற்கின்றன என்பது கொட்டியவருக்கும் தெரியாது. அப்புறம் எந்த நீதிமன்றம் என்பதற்குத் தனிக் குலுக்கல். கையில் ஒரு வண்ணக் கோல். அதே வண்ணம் பூசிய வாசலில்தான் நுழைய முடியும்.

பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரர்கள் பெயர் அந்த வெட்டுகளில் ஏறியதே இல்லை. உத்திரமேரூரிலும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மார்தட்டுகிற இரு தரப்பும் இதை மட்டும் மெதுவாகச் சொல்கிறார்கள்.

குலுக்கல் இப்போது ஆய்வு நிதிக்கும் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம், வல்லுநர்களால் தரம் பிரிக்க முடியாத விண்ணப்பங்களுக்கிடையே சீட்டுப் போடுகிறது. நம் நிதிக் குழுக்களும் முயலலாம் என்பது என் கட்சி. சிபாரிசுத் தொலைபேசிகளாவது கொஞ்சம் குறையும்.