பிராமிசர்: கிட்டில் ‘காணோம்’ என்பதற்கு இரண்டு பொருள்

நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டின் மூல நிரலில், காணாத ஆப்ஜெக்டுகளைக் (கிட் சேமித்து வைக்கும் தரவுத் துண்டுகளை) கையாளும் மாற்றம் எதையாவது ரிவ்யூவுக்கு எடுத்தால், சில வரிகளுக்குள் இந்தச் சொல் எதிர்ப்படும்: பிராமிசர் ரிமோட் (ரிமோட் என்பது தொலைவிலுள்ள களஞ்சியம்), பிராமிசர் பேக் (பேக் என்பது பல ஆப்ஜெக்டுகளைச் சேர்த்துக் கட்டிய கோப்பு), பிராமிசர் ஆப்ஜெக்ட். ஜாவாஸ்கிரிப்டின் பிராமிஸோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது சட்டத்தில் புழங்கும் சொல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் இரண்டாம் பிரிவிலேயே, முன்மொழிபவரை பிராமிசர் என்றும் அதை ஏற்பவரை பிராமிசீ என்றும் பெயரிட்டுவிடுகிறது. வேர் லத்தீனின் ‘ப்ரோமிட்டெரே’. ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல். முன்னே அனுப்புதல் என்பதே நாளடைவில் வாக்களித்தல் ஆயிற்று. நம் ஊர்ப் புரோநோட்டும் அதே வேர்தான். பிராமிசரி நோட் என்பதன் சுருக்கம் அது.

கிட்டுக்குள் இந்தச் சொல் பகுதிக் குளோனோடு, அதாவது களஞ்சியத்தின் ஒரு பகுதியை மட்டும் நகலெடுக்கும் வசதியோடு, வந்தது. அதற்கான அடித்தளம் 2018-இல் வெளியான 2.17 பதிப்பில் அமைந்தது. அதுவரை விதி எளிது: ஒரு கமிட் (பதிவுசெய்த மாற்றம்) இருந்தால் அது சுட்டும் ட்ரீயும் (அடைவுப் பட்டியல்), ட்ரீ சுட்டும் பிளாபும் (கோப்பின் உள்ளடக்கம்) களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் களஞ்சியம் பழுது. ‘பிளாப்:நன்’ என்ற வடிகட்டியோடு குளோன் செய்யும்போது, கோப்புகளின் உள்ளடக்கம் வேண்டுமென்றே விடப்படுகிறது. இப்போது இல்லாமை மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது. ஆகவே சேவையகத்திலிருந்து வந்த பேக் கோப்பின் அருகில், அதே பெயரில், ‘பிராமிசர்’ என்ற பின்னொட்டோடு சிறு கோப்பு ஒன்றையும் கிட் எழுதிவைக்கிறது. புரோநோட்டு அதுதான். அந்தப் பேக்கில் உள்ளவையும், அவை சுட்டுகிறவையும் பிராமிசர் ஆப்ஜெக்டுகள். சுட்டப்பட்டது கையில் இல்லாவிட்டாலும் கேட்டால் சேவையகம் தரும் என்பது எதிர்பார்ப்பு. நீங்கள் இங்கேயே உருவாக்கிய கமிட் மட்டும் சுட்டுகிற பிளாப் இல்லையென்றால், அதற்கு எந்த நோட்டும் கிடையாது. அது உண்மையான இழப்பு.

தமிழில் என்ன சொல்வது? ‘வாக்காளர்’ ஆகாது, அது தேர்தலுக்குப் போய்விட்டது. பிராமிசர் ரிமோட்டை ‘வாக்களித்த களஞ்சியம்’ என்றால் போதும். ஆப்ஜெக்டுக்குத்தான் கவனம் தேவை. ‘காணாமற்போன பொருள்’ என்று பொதுவாக எழுதினால், இன்னும் வராததும் தொலைந்ததும் ஒன்றாகிவிடும். வாக்களிக்கப்பட்டு இன்னும் வராததை ‘நிலுவைப் பொருள்’ என்றும், எவரும் வாக்களிக்காமல் இல்லாமற்போனதை ‘தொலைந்த பொருள்’ என்றும் பிரிப்பதே என் பரிந்துரை. நிலுவை என்றாலே தரவேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று கணக்கு எழுதும் யாருக்கும் புரியும்.

ரிவ்யூவில் முதல் கேள்வியும் இதுவே: இந்த மாற்றம் எதைப் பொறுத்துக்கொள்கிறது, நிலுவையையா, தொலைந்ததையா? கமிட்டுகளையும் அவை சுட்டுபவற்றையும் பட்டியலிடும் ‘ரெவ்-லிஸ்ட்’ கட்டளையின் ‘மிஸ்ஸிங்’ தேர்வுக்கு ‘அலோ-எனி’ என்று கொடுத்தால் இரண்டையும் விழுங்கிவிடும்; ‘அலோ-பிராமிசர்’ நிலுவையை மட்டும் விடும். பிழைச்செய்தி வந்து தொல்லை தருகிறதே என்று முன்னதைப் போட்டிருந்தால் பேட்சை, அதாவது அந்த மாற்றத்தை, திருப்பி அனுப்பலாம். வட்டுப் பழுதுகூட அதில் சத்தமின்றிக் கடந்துபோகும்.

அடுத்தது, ‘இருக்கிறதா’ என்று பார்ப்பதே ஆப்ஜெக்டைத் தருவித்துவிடும் சிக்கல். பழைய சரிபார்ப்புச் செயற்கூறுகள் சில, இல்லையென்றால் உடனே சேவையகத்தை அழைத்துவிடும். வெறும் இருப்பைக் கேட்கும் இடத்தில் தருவிப்பைத் தவிர்க்கும் கொடி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தருவிக்கும் நிரலுக்குள்ளேயே இந்தச் சரிபார்ப்பு நடந்தால் ஃபெட்ச், அதாவது தருவிப்பு, தன்னையே மீண்டும் அழைக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் ‘ஃபெட்ச்-பேக்’ கட்டளை தொடக்கத்திலேயே தானியங்கித் தருவிப்பை அணைத்துவிடுகிறது.

தருவிக்கத்தான் வேண்டும் என்றால், சுழற்சிக்குள் ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா? ஆயிரம் பிளாப் தேவைப்படும் டிஃப் (இரு பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) ஆயிரம் இணைப்புகளைத் திறந்தால் பயனர் கட்டளையைப் பாதியில் நிறுத்திவிடுவார். அடையாளங்களை முதலில் திரட்டி ஒரே கோரிக்கையாக அனுப்ப வேண்டும்.

மறுபேக்கிங்கை, அதாவது பேக்குகளை மறுபடி கட்டுவதை, தொடும் மாற்றம் என்றால் இன்னும் நிதானம் தேவை. பிராமிசர் ஆப்ஜெக்டுகளும் உள்ளூரில் பிறந்தவையும் தனித்தனிப் பேக்குகளில் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து நோட்டில்லாத பேக்காக எழுதிவிட்டால், நேற்றுவரை நிலுவையாக இருந்தது இன்று களஞ்சியத்தைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையின் கண்ணுக்குத் தொலைந்த பொருள்.

சோதனையை இப்படி அமைக்கலாம். சேவையகமாக இருக்கும் களஞ்சியத்தில் வடிகட்டியை அனுமதிக்கும் ‘அப்லோட்பேக்.அலோஃபில்டர்’ அமைப்பை இயக்குங்கள். குளோன் முகவரியை ‘ஃபைல்’ நெறிமுறையோடு கொடுங்கள். வெறும் அடைவுப் பாதை கொடுத்தால், உள்ளூர்க் குளோன் என்று கிட் வடிகட்டியைப் புறக்கணித்துவிடும். செக்அவுட் (கோப்புகளை வேலை அடைவில் எடுத்துவைத்தல்) வேண்டாம் என்றும் சொல்லுங்கள், இல்லையேல் தற்போதைய கமிட்டின் பிளாப்கள் உடனே வந்து இறங்கிவிடும். பிறகு ‘ரெவ்-லிஸ்ட்’டை எல்லாக் கிளைகளுக்கும், ஆப்ஜெக்டுகளோடு, ‘மிஸ்ஸிங்’ தேர்வில் ‘பிரிண்ட்’ கொடுத்து ஓட்டினால், இல்லாத ஒவ்வொன்றின் அடையாளத்துக்கும் முன்னால் கேள்விக்குறி வரும். புதிய நிரலை ஓட்டி, மறுபடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் எங்கோ தருவிப்பு நடந்திருக்கிறது. எத்தனை முறை என்று அறிய, சேவையகத்தோடு நடந்த பரிமாற்றத்தைக் காட்டும் பாக்கெட் தடப்பதிவில் ஃபெட்ச் அனுப்பிய ‘டன்’ வரிகளை எண்ணலாம். தொகுப்பாகத் தருவித்திருந்தால் ஒன்றுதான் இருக்கும்.

எதிர்ச்சோதனையை விட்டுவிடும் பேட்சுகளே அதிகம். சாதாரணக் களஞ்சியத்தில், பேக்குக்குள் போகாத தளர்வான ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றைக் கையால் அழித்துவிட்டு அதே கட்டளையை ஓட்ட வேண்டும். அங்கே கட்டளை தோற்க வேண்டும். வெற்றி என்று திரும்பினால் பேட்ச் இன்னும் ஏற்கத்தக்கதாகவில்லை.