உங்கள் வீட்டில் எத்தனை உலை கொதிக்கிறது?

2010-ம் ஆண்டு ஜூன் கடைசி. திருவாரூர் மாவட்டத்தில் முள்ளியாற்றங்கரைத் தெரு ஒன்று. கழுத்தில் அடையாள அட்டை, கையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் படிவம், தோளில் துணிப்பை. பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை என்பதால் எல்லார் வீட்டிலும் “வாங்க டீச்சர்”தான். ஒரு தொகுப்பு வீட்டு வாசலில் நின்று, “எத்தனை குடும்பம்மா இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“ஒரே குடும்பந்தான் டீச்சர்.”

எழுதிக்கொண்டேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது கொல்லைப்பக்கமிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தால் மூன்று அடுப்பு. உள்ளறையில் பெரிய மகனும் அவர் பிள்ளைகளும். பக்கவாட்டில் சாய்ப்பு இறக்கி, கீற்றுத் தட்டி மறைத்துச் சின்ன மகனும் மருமகளும். பின்னால் நாலு மூங்கில் நட்டுத் தார்ப்பாய் போர்த்திய மறைப்பில் வயதான மாமியார். அவர் முன்னால் ஒரு சின்னக் குண்டானில் ரேஷன் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

“ஆயா தனியாவா ஆக்கிக்கிறாங்க?”

அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். “ஒல தனித்தனிதான் டீச்சர். அதுக்காகப் பிரிஞ்சிட்டோம்னு வெளில சொல்லிக்க முடியுமா?”

எழுதியதை அடித்துவிட்டு மூன்று வரியில் மூன்று குடும்பமாக எழுதினேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ‘எத்தனை குடும்பம்’ என்று நான் கேட்கவில்லை. ‘எத்தனை உலை’ என்றுதான் கேட்டேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு இரத்த உறவு அளவுகோல் இல்லை. வழக்கமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். தனியாக ஆக்கித் தின்னும் ஒற்றைக் கிழவியும் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று குடும்பம். நம் ஊரில் ‘பிரிந்துவிட்டார்கள்’ என்ற சொல்லுக்கு வேறு கனம் உண்டு. பாகப்பிரிவினை, சண்டை, பேச்சுவார்த்தை இல்லை என்றெல்லாம் அர்த்தமாகிவிடும். அதனால் மானத்துக்கு அஞ்சி ஒன்று என்று சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் ஒரு வீடு, ஒரு குடும்பம், குறையொன்றும் இல்லை. உள்ளே ஓர் அறைக்கு மூன்று குடும்பம் முட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த கணக்கெடுப்பு வந்துவிட்டது. 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், ஆள் கணக்குக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வீட்டுப் பட்டியல் சுற்று 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் மாநிலம் மாநிலமாக நடக்கும் என்று அறிவிப்பு. பணி ஓய்வு பெற்றுவிட்டேன், இந்த முறை நான் வரப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் டெல்டாக் கடைமடையைப் பற்றி 2011 கணக்கு சொன்னதை முதலில் பார்ப்போம். திருவாரூர் மாவட்டத்தில் 12 லட்சத்து 64 ஆயிரம் பேர். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில். நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்தில் இது 20தான். ஆயிரம் ஆண்களுக்கு 1,017 பெண்கள்; மாநில அளவு 996. பத்து ஆண்டில் மாநில மக்கள்தொகை 15 சதவீதத்துக்கு மேல் பெருகியபோது இங்கே பெருகியது 8 சதவீதம்தான்.

இந்த 8-ஐயும் 1,017-ஐயும் பார்த்துவிட்டுப் பெண் பிள்ளைகளைப் போற்றுகிற மாவட்டம், குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாவட்டம் என்று மேடையில் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் என் தெருவில் நான் பார்த்த காரணம் வேறு. வாலிபர்கள் ஊரில் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையில் ஓட்டல், கேரளத்தில் கட்டட வேலை, கொஞ்சம் வசதிப்பட்டவர்களுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், அறுவடைக்கும் மெஷின் வந்துவிட்ட பிறகு, இருபது வயதுப் பையன் எதற்குக் காத்திருப்பான்?

கணக்கெடுப்பின் விதிப்படி ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். மூன்று வருடமாகத் திருப்பூரில் இருக்கும் மகனைத் தாய் இங்கே சேர்க்கச் சொல்வார். “அவன் பேரு ரேஷன் கார்டுல இருக்கு டீச்சர்” என்பார். தாயின் மனம் எனக்குப் புரியும். ஆனால் அவன் குடிக்கும் தண்ணீரும் அவன் பிள்ளை படிக்கும் பள்ளியும் திருப்பூரில் இருக்கின்றன. அங்கே அவன் விடுபட்டால் அங்கே ஒரு குழாய் குறையும். ஃபோன் போட்டு, “அங்க எழுத வந்தா மறக்காம சொல்லுப்பா” என்று அந்தத் தாய் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் இங்கே தவறாமல் சொல்ல வேண்டும். பிறந்து பத்து நாளான குழந்தையை, ‘இன்னும் பேரே வைக்கலையே’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெயர் இல்லாவிட்டாலும் அது ஓர் உயிர்.

ஆள் அவ்வளவாகப் பெருகவில்லை, பிறகு ஏன் வீட்டுக்கு இவ்வளவு பஞ்சம்? உலை பெருகியதுதான் காரணம். ஆறு பேர் ஓர் அடுப்பில் உண்ட காலம் போய், அதே ஆறு பேர் மூன்று அடுப்பில் உண்கிறார்கள். அடுப்பு பிரியலாம். மனை பிரிய இடமில்லை.

மனை இல்லாமல் போன கதை பழையது. பண்ணையில் வேலை செய்தவர் குடிசை போட்ட இடம் மிராசுதாருடையது. கூலிக்கு ஒரு வார்த்தை கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். 1952-ல் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்த மாவட்டங்களில் வீட்டைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1971-ல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருந்த இடத்தை அவருக்கே சொந்தமாக்கியது. பெரிய சட்டம். எங்கள் தெருவில் பலர் தலைநிமிர்ந்து நின்றது அந்தப் பட்டாவின் மேல்தான்.

அன்றைக்குத் தாத்தாவுக்குக் கிடைத்தது இரண்டோ மூன்றோ சென்ட். இன்று பேரன் பிள்ளை பெற்றுவிட்டான். அதே மூன்று சென்ட். கூடுதலாக ஒரு குடும்பம் இடம் தேடினால் வாய்க்கால் கரை, ஆற்றுப் புறம்போக்கு, இல்லையென்றால் கோயில் நிலம். அங்கே பட்டா கிடைக்காது. பட்டா இல்லாமல் அரசு வீடும் கிடைக்காது. கணக்கெடுப்புப் படிவமோ வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்கும். மனை யாருடையது என்று கேட்காது. அதனால் வெள்ளத்தில் முதலில் மூழ்கும் கரைவீடும் கணக்கில் ‘சொந்த வீடு’ ஆகிவிடும். இந்தக் குறையைக் கிராமசபையில்தான் எழுப்ப முடியும். எழுப்புங்கள்.

வீட்டுப் பட்டியலுக்கு முன் ஊரை வரைபடமாக வரைய வேண்டும். நிலையான வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம். என் வரைபடத்தில் மெயின் ரோட்டோரம் சதுரங்கள். வாய்க்காலை ஒட்டி வரிசையாக முக்கோணங்கள். ஒரு பார்வையில் ஊரின் சாதியும் சொத்தும் தெரிந்துவிடும். ரோட்டோரச் சதுரங்களில் சிலவற்றுக்குப் பூட்டு. பிள்ளைகள் வெளிநாட்டில்; திண்ணையும் முற்றமும் தூசியடைந்து கிடக்கும். அவற்றை ‘காலி வீடு’ என்று எழுதினேன். நூறடி தள்ளி ஓர் அறைக்கு எட்டுப் பேர்.

சதுரம், முக்கோணம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. செங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இருந்தால் அது கணக்கில் நிலையான வீடு, அதாவது சதுரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது அந்தச் சதுரங்களின் மேல்மூடி பறந்து வயலில் கிடந்ததை நாங்கள் பார்த்தோம். கீற்று பறந்தால் அடிபடாது. ஷீட் பறந்தால் கழுத்தை அறுக்கும். கான்கிரீட் வீட்டுக்காரர்தான் அன்று தெருவையே உள்ளே அழைத்துக்கொண்டார்.

அந்தக் கான்கிரீட் வீடுதான் இப்போது எனக்குப் பெரிய கவலை. எண்பதுகளின் நடுவில் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்திலும் அதன் பிறகும் கட்டிய தொகுப்பு வீடுகளில் பல, முப்பது வருடம் தாண்டிவிட்டன. களிமண் நிலம் கோடையில் வெடித்து, மழையில் ஊதி, அஸ்திவாரத்தை அசைக்கும். கடல் பக்கமாகப் போகப் போகக் காற்றிலும் மண்ணிலும் உப்பு. கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காரை பேந்து விழும். நான் போன ஒரு வீட்டில் தளத்துக்கு அடியில் கம்பி விலா எலும்பு போலத் தெரிந்தது. மழைக்காலத்தில் அறைக்குள் நெல் மூட்டை. மனிதர்கள் வெளியே சாய்ப்பில். ஏன் என்று கேட்டேன். “மூட்ட மேல விழுந்தா மூட்டக்கி வலிக்காதுல்ல டீச்சர்” என்றார் அந்தப் பெரியவர்.

அதே பெரியவரிடம் படிவத்தின்படி, “வீடு எப்படிங்கய்யா இருக்கு?” என்று கேட்டபோது சொன்னார்: “ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கு.”

நம் பேச்சுவழக்கு அப்படி. நலம் கேட்டால் நலம் என்றுதான் சொல்வோம். ஆனால் அது நலம் விசாரிப்பு இல்லை. நல்ல நிலை, குடியிருக்கத்தக்க நிலை, பாழடைந்த நிலை என்று மூன்றே பதில். அதில் ஒன்றைக் குறித்தாக வேண்டும். தளத்தில் கம்பி தெரிகிறதென்றால் அது பாழடைந்த வீடு. அதைச் சொல்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

கான்கிரீட் என்ற ஒரே காரணத்தால் இவர்கள் எல்லாப் பட்டியலிலும் விடுபடுகிறார்கள். பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம், வீடே இல்லாதவர்களுக்கும், மண்சுவரும் கூரையுமாக இரண்டு அறைக்கு மேல் இல்லாதவர்களுக்கும். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், அதுவும் குடிசைக்காரருக்கு. இடிகிற தொகுப்பு வீட்டுக்காரர் இரண்டிலும் இல்லை. 2001-க்கு முன் கட்டிய பழுதான வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகள் என்று 2025-ல் மாநில அரசு ஒரு மறுகட்டுமானத் திட்டம் அறிவித்தது. வரவேற்கிறேன். உங்கள் வீடு எந்த ஆண்டு கட்டியது என்று ஊராட்சிப் பதிவேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பு வேறு, பயனாளி தேர்வு வேறு. ‘பாழடைந்த வீடு’ என்று கணக்கெடுப்புப் படிவத்தில் சொன்னதால் உங்கள் பெயருக்கு வீடு வராது. ‘மூன்று குடும்பம்’ என்று சொன்னதால் ரேஷன் கார்டு ரத்தாகாது, முதியோர் உதவித்தொகை நிற்காது. 1948-ம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வது இரகசியம். தனியாள் விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டிலும் சாட்சியாகக் காட்ட முடியாது. ஆனால் மொத்தக் கூட்டல் எல்லாருக்கும் போகும். இத்தனை ஆயிரம் குடும்பம், இத்தனை பாழடைந்த வீடு, இத்தனை கழிப்பறை இல்லாத வீடு என்ற கூட்டலை வைத்துத்தான் அடுத்த பத்து வருடத்துக்கு மேலே இருப்பவர்கள் பேசுவார்கள். பயந்து சொன்ன பொய்யும் அந்தக் கூட்டலில்தான் சேரும்.

அறைக் கணக்கிலும் இதே சறுக்கல். சமையற்கட்டு, தாழ்வாரம், குளியலறை எல்லாம் வாழும் அறை ஆகாது. ஒருவர் நீட்டிப் படுத்து, நிமிர்ந்து நிற்க முடிந்தால்தான் அறை. கூடவே, வீட்டில் எத்தனை மணமான தம்பதிகள் என்றும் ஒரு கேள்வி. கேட்க எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஓர் அறை வீட்டில் மூன்று தம்பதிகள் என்று எழுதும்போது அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

2011 பிப்ரவரியில் ஆள் கணக்குக்குப் போனபோது அறுவடைக் காலம். பெண்களிடம் “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்றால் பத்தில் எட்டுப் பேர் “வீட்லதான் சும்மா இருக்கேன் டீச்சர்” என்பார்கள். கால் சேற்றில் ஊறி விரலிடுக்கு வெந்து கிடக்கும். நாற்றுப் பறிப்பு, நடவு, களை, நூறு நாள் வேலை, ஆடு மேய்ச்சல் எல்லாம் நாள் நாளாகச் சேர்த்துக் கேட்டால் வருடத்தில் ஆறு மாதம் தாண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தால் முதன்மைத் தொழிலாளி, குறைந்தால் குறுகியகாலத் தொழிலாளி, ‘சும்மா’ என்றால் தொழிலாளியே இல்லை. அம்மா, தங்கச்சி, அந்த ‘சும்மா’ என்ற சொல்லை மட்டும் அன்றைக்குச் சொல்லாதீர்கள்.

இந்த முறை ஃபோன் ஆப்புடன் வரப்போகும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் நின்று முடித்துவிடாதீர்கள், கொல்லைப்பக்கம் போங்கள். காலை பத்து மணிக்குப் போனால் தெருவில் ஆடும் கோழியும்தான் இருக்கும். வேலைக்குப் போனவர்கள் திரும்பி அடுப்பு மூட்டும் நேரத்துக்குப் போங்கள். புகை எத்தனை இடத்திலிருந்து வருகிறது, சிலிண்டர் எத்தனை நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கேளுங்கள். பின்னால் மறைப்பில் ஆயா இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே கேளுங்கள், மருமகளிடம் கேட்காதீர்கள். நான் போன அந்த வீட்டு ஆயாவுக்குக் கணக்கெடுப்பு நம்பர் எழுதக் கதவு இல்லை. முன்பக்க மூங்கிலில் எழுதினேன். “இது எனக்கா?” என்று இரண்டு முறை கேட்டார்.