மடிப்பில்லாத தொன்னை

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். கடையில் ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியிலிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். அடியில் ஒட்டவே இல்லை. விளிம்புப் பக்கம் போகப் போக லேசாக இழுக்கிறது. “நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பார்களே. ஒரே டம்ளரில் பாதி அசல், பாதி போலியா?” என்று கேட்கிறார்.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டம்ளர் எப்படி உருவானது என்ற கதை முழுவதும் அந்த லேசான இழுப்பில் இருக்கிறது.

டம்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கேயும் ஒட்டு கிடையாது. தட்டையான ஒரு வட்டத் தகட்டிலிருந்து வந்தது அது. பாத்திரப் பட்டறைகளில் அந்தத் தகட்டைச் சர்க்கிள் என்பார்கள். பிரஸ் இயந்திரத்தில், நடுவில் ஓட்டை உள்ள டை என்னும் அச்சின் மேல் சர்க்கிளை வைத்து, மேலிருந்து பஞ்ச் என்னும் உருளையை இறக்குவார்கள். தகடு ஓட்டைக்குள் இழுபட்டுக் கிண்ணமாகிவிடும். சொல்ல எளிது, நடப்பது எளிதில்லை.

கோயிலில் சுண்டல் தரும் தொன்னையை நினைத்துக்கொள்ளுங்கள். வட்ட இலையைக் கிண்ணமாக்க வேண்டுமென்றால் ஓரத்தை மடித்து ஈர்க்கு குத்தித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் சுற்றளவு அதிகம், கிண்ணத்தின் வாய்க்கு அவ்வளவு தேவையில்லை. மிச்சமெல்லாம் மடிப்பாகப் போகிறது. டம்ளருக்கும் இதே சிக்கல்தான். 7 செ.மீ. விட்டம், 9 செ.மீ. உயரம் உள்ள நேரான டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகட்டின் தடிமன் ஏறக்குறைய மாறாது என்று வைத்துப் பரப்பைக் கணக்கிட்டால், சர்க்கிளின் விட்டம் 17 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரும். அதன் ஓரச் சுற்றளவு சுமார் 54 செ.மீ. டம்ளரின் வாயோ 22 செ.மீ. தான். 32 செ.மீ. ஓரம் காணாமல் போயிருக்கிறது, ஒரு மடிப்புகூட இல்லை!

அந்த உலோகம் மேல்நோக்கிப் போய்விட்டது. ஓரம் சுற்றுவாக்கில் நெருக்கப்பட, அதே அளவுக்கு உயரவாக்கில் நீள்கிறது. தகடும் இலையைப் போல மடியத்தான் பார்க்கும். மடியவிடாமல் ஒரு வளையம் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் சுருக்கம் விழும், இறுகினால் அடி மூலையில் கிழியும். பஞ்ச் ஒரு தடவை இறங்கும்போது சர்க்கிளைப் பாதி விட்டத்துக்குக் குறுக்கலாம், அதற்கு மேல் போவது கஷ்டம். நம் டம்ளருக்கு இரண்டு தடவையாவது இறக்க வேண்டும். அப்புறம் அலையலையாக எழுந்து நிற்கும் விளிம்பை வெட்டி, உதட்டை உருட்டி, பாலிஷ் போட்டால் கடைக்குப் போய்விடும்.

சரி, காந்தத்துக்கு வருவோம்.

சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவில் ஒன்றுமாக அமர்ந்திருக்கும். அந்த அடுக்கில் இரும்பு காந்தத்தால் இழுபடும். 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அடுக்கு மாறி, அணுக்கள் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமரும். இதற்கு ஆஸ்டினைட் என்று பெயர். இது காந்தத்தைக் கண்டுகொள்ளாது, நன்றாக வளைந்தும் கொடுக்கும். இரும்போடு 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்த்தால், சூட்டில் மட்டும் இருக்க வேண்டிய இந்த அடுக்கு அறை வெப்பநிலையிலும் நிலைத்துவிடுகிறது. குரோமியம் துருவைத் தடுக்கிறது, அடுக்கைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு நிக்கலுடையது. கடையில் 304 என்று சொல்லி விற்கும் எவர்சில்வர் இதுதான்.

ஆனால் அது முழு நிம்மதியில் இருக்கும் அடுக்கு கிடையாது. மேட்டுச் சரிவில் சின்னக் குழியில் தங்கிவிட்ட கோலிக்குண்டைப் போல, யாராவது பலமாகத் தட்டினால் கீழே உருண்டுவிடும். பிரஸ்ஸில் விழும் அடி அப்படிப்பட்ட தட்டு. தகடு இழுபடும்போது அணுக்கள் இடம் மாறிக்கொண்டு அலைவதில்லை. காலை வழிபாட்டில் வரிசை வரிசையாக நிற்கும் பிள்ளைகள், ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையைவிட அரை அடி கூடுதலாக, ஒரே நேரத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் எப்படியிருக்கும்? பக்கத்தில் நிற்பவர் மாறவில்லை, கூட்டத்தின் வடிவம் மட்டும் மாறிவிட்டது. அணுக்களும் அப்படித்தான், ஓர் அணு இடைவெளிக்கும் குறைவான தூரம், எல்லாம் சேர்ந்து நகர்கின்றன. பிறக்கும் புதிய அடுக்குக்கு, ஜெர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டன்ஸ் நினைவாக, மார்ட்டென்சைட் என்று பெயர். இது காந்தத்தால் இழுபடும். ஆஸ்டினைட்டைவிடக் கடினமானதும்கூட.

இந்தக் கடினம்தான் எனக்கு அலுக்காத விஷயம். இழுபடும் தகட்டில் எங்காவது ஓரிடம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகமாக மெலியத் தொடங்கும். இழுபட இழுபட இறுகும் குணம் குறைந்த உலோகமாக இருந்தால் அந்த இடமே மேலும் மேலும் மெலிந்து கிழிந்துவிடும். இங்கே அதிகம் இழுபட்ட இடத்தில்தான் மார்ட்டென்சைட் அதிகமாகப் பிறக்கிறது. பிறந்ததும் அந்த இடம் இறுகுகிறது. இறுகிய இடம் இனி நீள மறுக்க, இழுப்பு பக்கத்திலுள்ள மென்மையான பகுதிக்குப் போகிறது. அங்கும் மெலிந்தால் அங்கும் இதேதான். கிழியப் போகும் இடத்தைத் தகடே கண்டுபிடித்து, கிழிவதற்கு முன்பே பலப்படுத்திக்கொள்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தக் கருவியும் அளக்கவில்லை. பிரஸ் ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. தினமும் காப்பி குடிக்கும் டம்ளரின் சுவருக்குள் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

இப்போது வாசகியின் கேள்விக்கு விடை தெரிந்திருக்கும். டம்ளரின் அடி, பஞ்ச் உருளைக்கு நேர் கீழே தட்டையாகவே இருந்த பகுதி. அது அதிகம் இழுபடவில்லை, ஏறக்குறைய ஆஸ்டினைட்டாகவே இருக்கிறது. விளிம்பு, 54 செ.மீ.யிலிருந்து 22க்கு நெருக்கப்பட்ட பகுதி. அங்கே மார்ட்டென்சைட் அதிகம், அதனால் காந்தம் இழுக்கிறது. இரண்டும் ஒரே எவர்சில்வர்.

காந்தச் சோதனையை நம்பிப் பாத்திரம் வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். நிக்கல் சேர்க்காமல் குரோமியம் மட்டும் சேர்த்த 430 வகையில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டும். ஆனாலும் அது முறையான எவர்சில்வர்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸும் நைட்ரஜனும் சேர்க்கும் 200 வரிசையிலோ இழுபடாத இடத்தில் காந்தம் ஒட்டாது, ஆனால் துரு தாங்கும் திறன் 304ஐவிடக் குறைவு. ஒட்டாததை வைத்து 304 என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்திருக்கலாம். பாத்திரத்தில் பொறித்திருக்கும் தர எண்ணைப் பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

மார்ட்டென்சைட்டாக மாறும் இந்த மாற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த டம்ளர் ஒன்று, அலமாரியில் வைத்தது வைத்தபடி இருக்க, சில நாளில் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாகப் பிளந்திருந்தது. அத்தை பதறிப்போய்த் திருஷ்டி சுற்றிப் போட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது, யாரும் தொடாத பாத்திரம் தானாகப் பிளந்தால் யாருக்கும் மனம் துணுக்குறும். காரணம் உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. நெருக்கப்பட்ட விளிம்பில் வெளியே தெரியாத இழுவிசை மிச்சமிருக்கும். உலோகத்தில் தங்கிய கொஞ்சம் ஹைட்ரஜன், மார்ட்டென்சைட் உள்ள இடங்களில் மெதுவாகச் சேர்ந்து, ஒருநாள் விரிசலைத் திறந்துவிடும். நிக்கல் குறைந்த வகைகளில் இது அதிகம். வேறு காரணத்தால் இதே மாதிரிப் பிளவு பித்தளையிலும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களின் பித்தளை உறைகள் பிளந்துகொண்டே இருந்தன. அவையும் தகட்டை இழுத்துச் செய்தவைதான். குதிரை லாயத்திலிருந்து வந்த அமோனியாவும், உறையில் மிச்சமிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் தெளிவானது.

எவர்சில்வருக்கு மருந்து தீ. பஞ்ச் இறங்கும் இரண்டு தடவைகளுக்கு நடுவில் கிண்ணத்தைச் சுமார் 1050 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் மார்ட்டென்சைட் எல்லாம் மறுபடி ஆஸ்டினைட்டாகிவிடும். மிச்சமிருந்த விசையும் போய்விடும். எரிபொருள் செலவை நினைத்துச் சின்னப் பட்டறைகள் இதைத் தவிர்க்க நினைப்பதில் தப்பில்லை. எந்தக் கிண்ணத்துக்குச் சூடு தேவை, எதற்குத் தேவையில்லை என்பதைக் காந்தத்தை வைத்தே அளந்து சொல்லும் கருவிகள் இருக்கின்றன. ஆய்வகத்து விலையில் இல்லாமல், பட்டறை விலையில் அப்படி ஒன்று வேண்டும். ஜாம்ஷெட்பூரிலுள்ள தேசிய உலோகவியல் ஆய்வகத்துக்குச் சென்னை தரமணியிலும் ஒரு மையம் உண்டு. ராக்கெட்டுக்கும் அணு உலைக்கும் செலவிடும் ஆய்வுப் பணத்தில் ஒரு துளி இதற்குப் போக வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

வாசகியின் ஆறு டம்ளரும் அநேகமாகப் பத்திரமாகவே இருக்கும், தாராளமாகக் காப்பி குடிக்கலாம். அந்தக் காந்தத்தை ஒரு நூலில் கட்டி, அடியிலிருந்து விளிம்பு வரை சுவரை ஒட்டி மெல்ல நகர்த்தச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுங்கள். நூல் எந்த இடத்தில் சாயத் தொடங்குகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.