பதிவு போடுவதை விட்டவர்கள் பழைய கணக்கை என்ன செய்ய வேண்டும்?

பிறந்தநாள், காதுகுத்து, ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போனது என்று எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போட்ட குடும்பங்கள் இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோடு நிறுத்திக்கொள்கின்றன. 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். பார்ப்பவர்களும் தெரிந்தவர்கள்தான்.

நண்பர் போட்ட படம் நம் திரைக்கு வருவதே குறைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் காட்டிய கணக்குப்படி, மொத்த நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்க்கும் பங்கு இரண்டு ஆண்டுகளில் ஃபேஸ்புக்கில் 22 சதவீதத்திலிருந்து 17ஆகவும், இன்ஸ்டாகிராமில் 11இலிருந்து 7ஆகவும் இறங்கியிருக்கிறது. முகம் தெரியாதவர்களின் ரீல்ஸுக்கு நடுவே பேரன் படத்தைப் போட மனம் வராதது இயல்புதான். அதில் தவறே இல்லை. பதிவை நிறுத்தியவர்கள் கணக்கைத் திறந்தபடியே விட்டுப்போவதுதான் ஆபத்து.

முதல் ஓட்டை, பழைய மொபைல் நம்பர். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழிந்தபின் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வெளிநாடு போனவர்கள் பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடுவது சகஜம். அந்த நம்பரை வாங்கியவர் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று தட்டினால் ஓடிபி அவருக்குத்தான் போகும். செல்போன் கடைக்காரர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்த கணக்குகளும் உண்டு. அவற்றின் சாவி இன்றும் அவரிடம்தான்.

உள்ளே வந்தவன் செய்வது ஒன்றுதான். நண்பர் பட்டியலில் இருப்பவர்களுக்கு, “அண்ணா, ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரம், ஜிபே பண்ணுங்க” என்று மெசேஜ். வேலூர்க்காரர் பெயரில் வந்தால் சந்தேகமே வராது. எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்கு வரும் ஊர் இது. பல மாதம் சத்தமில்லாமல் கிடந்த கணக்கு என்பதால் உரியவருக்குச் செய்தி எட்டவும் நாளாகும்.

கணக்கு வேண்டும், பதிவு மட்டும் வேண்டாம் என்பவர்கள் ஃபேஸ்புக் செட்டிங்ஸில் உள்ள அக்கவுன்ட்ஸ் சென்டரில் பழைய நம்பரையும் மின்னஞ்சலையும் நீக்கி இப்போதையதைச் சேர்த்துவிடுங்கள். ‘வேர் யூ ஆர் லாக்டு இன்’ பகுதியில் தெரியாத போன்களை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் டூ ஃபாக்டர் பாதுகாப்பைப் போட்டதும் கிடைக்கும் ரெக்கவரி கோடுகளை (போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவுபவை) நோட்டில் எழுதிவையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போன் தொலையும்போது அதுவும் போய்விடும். நண்பர் பட்டியலை ‘ஒன்லி மீ’ ஆக்குங்கள். ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’ ஒரே தட்டில் பழைய பொதுப் பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் ஆக்கும். ஆனால் ஒட்டுமொத்தமாகத் திரும்ப மாற்ற முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

மூடிவிடுவது என்று முடிவெடுத்தால் முதலில் உங்கள் பதிவுகளையும் படங்களையும் பிரதி எடுக்கும் ‘டவுன்லோடு யுவர் இன்ஃபர்மேஷன்’ (இப்போது ‘எக்ஸ்போர்ட் யுவர் இன்ஃபர்மேஷன்’ என்றும் இருக்கலாம்). தேதி வரம்பில் ‘ஆல் டைம்’, படத்தின் தரத்தில் ‘ஹை’, வடிவத்தில் எச்டிஎம்எல் என்று தேர்ந்தெடுங்கள். ஃபைல் தயாரானதும் அறிவிப்பு வரும். இறக்குவதற்கான லிங்க் சில நாள்தான் இருக்கும் என்பதால் உடனே இறக்கி, பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். தாத்தா பாட்டி படங்கள் வேறெங்கும் இல்லாத வீடுகள் ஏராளம். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் பின்னால் யாராலும் மீட்டுத்தர முடியாது.

‘டிஆக்டிவேட்’ கொடுத்தால் கணக்கு ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். ‘டிலீட்’ கொடுத்தால் 30 நாளுக்குள் லாகின் செய்து ரத்து செய்யலாம். அதன்பின் முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகும். மெசஞ்சரும் சேர்ந்து போகும். ஃபேஸ்புக் வழியாக லாகின் செய்த மற்ற ஆப்களுக்கு முன்கூட்டியே தனிப் பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். லாங் பஜார் கடைக்கோ, கோயில் திருவிழாக் குழுவுக்கோ நீங்கள் மட்டுமே நிர்வாகியாக இருக்கும் பக்கம் இருந்தால், இன்னொருவருக்கு முழு அதிகாரம் கொடுத்த பிறகே டிலீட்டைத் தொடுங்கள். இல்லாவிட்டால் பக்கமும் அழிந்துவிடும்.

ஜிமெயிலையும் மறக்காதீர்கள். இரண்டு ஆண்டு தொடாத கூகுள் கணக்கை நீக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மீட்பு மின்னஞ்சலே போய்விட்டால் மற்றவற்றையும் மீட்பது கடினம்.

உங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டிருந்தால், மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். தாமதமானால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும், நிறுத்திவைக்க முடியாது.