ஃபைல், கோப்பு: நூலில் கோத்த சொல்

‘ஃபைல் வந்தாச்சா?’ தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் அரசு கிளினிக்கில் விடியற்காலையில் போய் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபைல் ஜன்னலைப் பார்த்தாக வேண்டும். சூலு பேசுகிறவர்கள் ‘இஃபாயெலா’ என்பார்கள், சாட்ஸ்வொர்த்தில் நம் வீடுகளில் மிச்சமிருக்கிற தமிழிலும் அது ஃபைல்தான். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: ‘அக்கா, ஃபைலெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகுது, தாளே இல்லாததை ஃபைல்னு சொல்லலாமா? அதுக்குத் தமிழ் என்ன?’ கோப்பு என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் கோப்பு என்று அவள் விடாமல் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஃபைல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் லத்தீன் ‘ஃபீலும்’, அதாவது நூல், இழை. பல்புக்குள் இருக்கும் ஃபிலமென்டும் அந்த வேரிலிருந்து வந்ததே. அட்டை உறையும் இரும்பு அலமாரியும் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் கடிதங்களையும் கணக்குச் சீட்டுகளையும் துளைத்து, ஒரு நூலிலோ கம்பியிலோ ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைப்பார்கள், அந்த நூலுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பழைய மளிகைக் கடை மேசையில் பில்களைக் குத்தி வைக்கும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். (இரும்பைத் தேய்க்கிற ஃபைல், நம் அரம், வேறு வேரில் பிறந்த சொல். எழுத்து மட்டும் ஒத்துப்போகிறது.)

இப்போது தமிழுக்கு வாருங்கள். பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம். கோத்தது கோப்பு. செய்யுள்களை ஒரு வரிசையில் கோத்தால் அது கோவை. இலங்கையில் குற்றங்களுக்கான சட்டத்தையே ‘தண்டனைச் சட்டக்கோவை’ என்கிறார்கள். ஓலைச்சுவடியும் அப்படித்தான், ஓலையில் துளை, துளை வழியே கயிறு. புத்தகத்துக்கே நூல் என்று பெயர் வைத்திருக்கிற மொழி இது. அதனால் கோப்பு என்ற சொல்லை அகராதிக்காரர் யாரோ உட்கார்ந்து செய்த அந்நியச் சொல் மாதிரி நினைத்துத் தயங்க வேண்டாம், ஃபைலுக்குள் இருக்கிற அதே நூல் இதற்குள்ளும் ஓடுகிறது.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, ஆயாவிடம் கற்றேன். ஆயாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஒருமுறை காலில் புண்ணோடு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது ஃபைல் கிடைக்கவில்லை. சரி என்று தற்காலிக ஃபைல் ஒன்று போட்டார்கள். பழைய ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘பென்சிலின் ஆகாது’ என்று இருந்தது, புதியதில் அந்தக் கட்டம் காலி. டாக்டர் அமாக்சிசிலின் எழுதினார், அதுவும் பென்சிலின் இனம். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்த பெண் ‘எதாவது மருந்து ஒத்துக்காதா ஆயா?’ என்று வாய்விட்டுக் கேட்டதால் தப்பித்தோம். வீட்டுக்கு வந்ததும் ஆயா, காவடிக்கு மாலை கோக்கிற நீள ஊசியை எடுத்து, கிளினிக் அட்டை, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றின் இடது மூலையிலும் துளை போட்டு வெள்ளை நூலில் கோத்தார். மேலே மாவு டப்பா அட்டையில் ஒரு துண்டு, அதில் பென்சிலின் வேண்டாம் என்று என்னைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். புதுத் தாள் வந்தால் முடிச்சை அவிழ்த்து, தேதி பார்த்துச் செருகி, மறுபடி முடிவார்.

கணினிக் கோப்பும் செய்ய வேண்டிய வேலை இதுதான், ஆனால் அங்கே நூல் எது? ஒரு எண். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள், முதல் ஆறும் பிறந்த தேதி. நாட்டின் சுகாதாரத் துறை சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எச்.பி.ஆர்.எஸ். என்ற பதிவு முறை, ஒவ்வொரு நோயாளிக்கும் எங்கே போனாலும் மாறாத ஒரு எண் இருக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது. பெயரை நம்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பிள்ளை என்ற குடும்பப் பெயரின் கடைசி எழுத்தை ஒருவர் ‘ஒய்’ என்றும் இன்னொருவர் ‘ஐ’ என்றும் தட்டினால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு முளைக்கும், ஒன்றில் பென்சிலின் எச்சரிக்கை இருக்கும், மற்றதில் இருக்காது. எச்சரிக்கை சரியான கோப்பில் இருந்தால், டாக்டர் மருந்தின் பெயரைத் தட்டும்போதே திரை அவரைத் தடுத்து நிறுத்த முடியும். தாளால் அது முடியாது.

இங்கே இன்னொரு சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும், பலர் குழப்புகிறார்கள். பதிவு என்பது ஒரு தடவை எழுதிய குறிப்பு: இன்றைய பிரஷர், இன்றைய சர்க்கரை. பதிவேடு என்பது ஒரு இடத்தில் அப்படி எழுதிச் சேர்த்தது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு இந்த நாட்டில் பயன்படும் டியர்.நெட் என்பதன் பெயரிலேயே, ஒன்றோடொன்று இணைந்த மூன்று பதிவேடுகள் என்ற பொருள் ஒளிந்திருக்கிறது: தாள் ஒன்று, இணையம் இல்லாத கணினி ஒன்று, இணையத்தோடு ஒன்று. 2002இல் டர்பனில் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையைத் தாளில்லாமல் நடத்தும்படியே கட்டினார்கள். அது பெரிய காரியம். ஆனால் ஒரு மருத்துவமனைக்குள் மட்டும் இருக்கிறவரை அதை மின்னணு மருத்துவப் பதிவேடு என்றுதான் சொல்வேன். கிளினிக், மருத்துவமனை, ஆய்வுக்கூடம், மருந்துக்கடை எல்லாவற்றின் பதிவுகளும் ஒரு ஆளின் பெயரில் ஒரே வரிசையில் கோக்கப்பட்டால்தான் அது மின்கோப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓரெழுத்து வித்தியாசமுள்ள இரண்டு சுருக்கெழுத்துகள் இருக்கின்றன, பதிவேட்டுக்கு இ.எம்.ஆர்., கோப்புக்கு இ.எச்.ஆர்.; கேட்கிறவருக்கு எது எது என்றே பிடிபடாது. தமிழில் ஏடு, கோப்பு என்று பிரித்துச் சொன்னால் ஆயாவுக்கே புரியும்.

ஓலைகளை ஒரே கயிற்றில் கோக்க, எல்லா ஓலையிலும் துளை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கணினிகளுக்கு இடையே அந்தத் துளை இடத்தை முடிவு செய்வதுதான் தரநிலை. மருத்துவத் தகவலைக் கணினிகள் பரிமாறிக்கொள்ள விதி வகுக்கும் எச்.எல்.7 என்ற அமைப்பின் எஃப்.எச்.ஐ.ஆர். அப்படி ஒன்று. பெயரை இந்தக் கட்டத்தில், ஒவ்வாமையை அந்தக் கட்டத்தில் என்று அது வகுத்து வைக்கிறது.

கணினியில் ஒரு எக்ஸ்ரே படமும் கோப்புதானே என்று கேட்டால், ஆமாம். அதனால் மருத்துவமனையில் பேசும்போது நோயாளர் கோப்பு, படக்கோப்பு என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோல்டருக்குக் கோப்புறை. ‘லிங்க் பண்ணு’ என்பதற்குப் பதிலாக ‘இந்த ரிப்போர்ட்டை ஆயாவோட கோப்புல கோத்துடு’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் சுலபமாக வரும். அப்புறம் ஒன்று, பேச்சில் கோர்த்தாள் என்று ரகரம் சேர்ந்துவிடுகிறது, எழுதும்போது கோத்தாள், கோப்பு. ‘கோர்ப்பு’ என்று பலகையில் எழுதினவள் அந்த நர்சிங் பெண்தான், இப்போது திருத்திக்கொண்டுவிட்டாள்.